இருட்டு கேட்கப் போனவன்

ஜனவரி 22

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜீப்பின் பின் சீட்டைக் கழுவினேன். ரெக்ஸின் மேல் இருந்தது சுலபமாகப் போய்விட்டது. தையல் இடுக்கில் இறங்கியிருந்தது போகவில்லை. பழைய டூத் பிரஷ் எடுத்து வந்து தேய்த்தேன். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தம் இறுகிவிடும் என்று பச்சைத் தண்ணீரே ஊற்றினேன். ஜனவரி மாதத்து மலைத் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போயின.

டிரைவர் பிரகாசம் பக்கத்தில் வந்து நின்றார். "நான் செய்றேன் வுடுங்க மேடம். இதெல்லாம் நீங்க செய்யக்கூடாது."

"நீங்க போய் டீ குடிங்க பிரகாசம்."

"எறங்கல மேடம்."

எனக்கும் இறங்கவில்லை. ஆனாலும் உப்புமா கிளறிச் சாப்பிட்டேன். புடவையை ஊறவைத்தேன். அதன் மடிப் பகுதி முழுக்க அவன் தலை கிடந்த கறை.

நேற்று ராத்திரி குவாரிச் சாலையில் டிப்பர் லாரி மோதி சடையன் இறந்துபோனான். எங்கள் வானாய்வு நிலையத்தில் டோமின் கதவைத் திறந்து மூடுவது, தொலைநோக்கியின் கண்ணாடிக்கு உறை போடுவது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது எல்லாம் அவன்தான். பிரகாசம் பார்த்துத் தூக்கி வந்தார். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் என் கையை இறுக்கிப் பிடித்தான். அதற்கப்புறம் பிடி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ஏட்டு விசாரித்தார். மூடுபனியில் ஆள் வந்தது தெரியவில்லை என்று லாரிக்காரன் சொல்லிவிட்டானாம். "மலை மேல இப்ப பனி சீசன்தானம்மா?" என்றார். ஜனவரி பனி சீசன்தான். நான் தலையாட்டியிருக்கலாம். ஞாபகமில்லை.

ஜனவரி 23

சடையனின் ஊரான கீழ்க்கொல்லையில் அடக்கம். பிரேதப் பரிசோதனை செய்து சாக்குத் தைப்பதுபோல் தைத்துக் கொடுத்திருந்தார்கள். குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "வண்டி ஒருவாட்டி மட்டும் ஏறல. திரும்பவும் ஏறிக்கீது." எனக்கு அதெல்லாம் பார்த்துச் சொல்லத் தெரியாது.

சடையனின் மனைவி சென்னி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன். பளீரென்று அறைந்தாள். காது அடைத்துவிட்டது. முடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "நீதான அனுப்புன! நீதான!" யாரும் உடனே விலக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டுத்தான் வந்து பிரித்தார்கள்.

துக்கத்தில் இருப்பவள். தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

அவன் ஏன் குவாரிக்குப் போவான் என்று எழுதிவிடுகிறேன். எதிர் மலையில் துரைக்கண்ணுவின் கல்குவாரி. ராத்திரியிலும் வேலை நடக்கும். அங்கே எரியும் ஃபோகஸ் லைட்டுகள் எங்கள் வானத்தின் கிழக்குப் பாதியை வெளுத்த துணியாக ஆக்கிவிடும். நிலையப் பொறுப்பாளர் சபேசன் சார் வருஷக்கணக்காக மனுப் போட்டு, முன்பிருந்த ஒரு கலெக்டர் ஒரு உத்தரவு போட்டார். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் நிலையத்திலிருந்து ஆள் வந்து சொன்னால் குவாரிக்காரர்கள் விளக்கை அணைக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் செல்லாது. ஆள் வரவேண்டும். வானம் தெளிவா இல்லையா என்பதை அன்று ராத்திரி பணியில் இருப்பவர் முடிவு செய்யவேண்டும். பெரும்பாலும் அது நான்.

சடையன் இதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தான். பொழுது சாய்ந்ததும் சமையலறை வாசலில் வந்து நிற்பான். "இன்னா மேடம், இன்னிக்கு இருட்டு வோணுமா? எவ்ளோ வோணும், ரெண்டு கிலோவா? பை குடு." மலைக்காரர்களுக்கு 'நீங்கள்' கிடையாது. கலெக்டர் வந்தபோதும் "நீ எப்ப வந்தே சார்?" என்றுதான் கேட்டான். நானும் பை கொடுப்பேன். திரும்பும்போது குவாரிப் பெட்டிக்கடையில் எனக்குப் பொட்டுக்கடலை வாங்கி வருவான்.

பை அவன் தோளில்தான் இருந்தது.

ஜனவரி 25

நேற்று மலைக்காரர்கள் சாலையை மறித்தார்கள். அடிவாரத்திலிருந்து போலீஸ் வருவதற்குள் குவாரியின் ஜல்லி உடைக்கும் கிரஷருக்குத் தீ வைத்துவிட்டார்கள். பெல்ட் ரப்பர் எரிந்த புகை எங்கள் டோம் வரை வந்தது. சாயங்காலம் போலீஸ் கீழ்க்கொல்லைக்குள் புகுந்தது. வீட்டுக்கு வீடு இழுத்துப் போட்டு அடித்ததாகப் பிரகாசம் சொன்னார். ஒரு கர்ப்பிணியின் முதுகில் லத்தி முறிந்ததாம். சடையனின் தம்பி வெள்ளையனுக்குத் தாடை உடைந்துவிட்டது. கஞ்சியைக் கூடக் குழாய் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.

இந்தக் கலவரத்தால் கோட்டாட்சியர் (ஆர்டீஓ) விசாரணை என்று அறிவித்திருக்கிறார்கள். மார்ச் இரண்டாம் தேதி. என் பெயரும் சாட்சிகளில் இருக்கிறது. அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று சொல்ல.

ஜனவரி 26

கொடியேற்றினோம். வருஷா வருஷம் மிட்டாய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது சடையன். இந்த வருஷம் மேசை மேல் வைத்துவிட்டோம்.

ஜனவரி 29

சபேசன் சார் பெங்களூரிலிருந்து திரும்பிவிட்டார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது. போன மாதத்தைவிட முதுகு வளைந்தமாதிரி தெரிந்தது.

"அறிவியல் தினத்துக்கு ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்க. இந்த வாட்டி நீ பேசு அரசி. 'வானியலாளர்களுக்கு விண்வெளியில் ஏன் தொலைநோக்கி வேண்டும்?' இதுதான் தலைப்பு. எளிமையா இருக்கட்டும்."

"சரி சார்."

எழுந்தேன். "அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் கேட்கவே இல்லை.

மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்த அப்பா, நான் பௌதிகம் எடுத்தபோது, "வாத்தியாரம்மா ஆயிடு, பத்திரமா இருக்கும்" என்றார். நான் மலையேறினேன்.

பிள்ளைகளுக்காக எழுதிப் பார்த்தது: "ஆற்றின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பறக்கும் கொக்கைப் பாருங்கள். கொக்கு நெளியும், உடையும், ஒட்டிக்கொள்ளும். நெளிவது கொக்கு அல்ல, தண்ணீர். நாம் காற்று என்னும் ஆற்றின் அடியில் வாழ்கிறோம். நட்சத்திரம் மினுக்குகிறது என்கிறோம். அது மினுக்குவதில்லை. அதன் ஒளி எத்தனையோ வருஷம் நேராக வந்து, கடைசி நொடியில், நம் காற்றில் தடுமாறுகிறது."

கடைசி நொடி என்பதை அடித்துவிட்டு 'கடைசியில்' என்று போட்டேன். கணக்குப்படி நொடியைவிடவும் குறைவு.

பிப்ரவரி 2

காய்கறி வாங்கப் போன பிரகாசத்தைக் குவாரி சூப்பர்வைசர் லோகுவும் இன்னும் மூன்று பேரும் மடக்கியிருக்கிறார்கள். ஜீப்பின் முன் கண்ணாடி போயிற்று. அவர் வலது கையை பானட் மேல் வைக்கச் சொல்லி, ஜல்லி உடைக்கும் சம்மட்டியால் இரண்டு விரலை நசுக்கிவிட்டார்கள். "மொதல்ல பார்த்தவன் நீதானடா? என்னா பார்த்தே? பனியப் பார்த்தே, சரியா?"

"பனியத்தான் பார்த்தேன்னு சொல்லிட்டேன் மேடம்," என்றார். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்திருந்தார். சிரிக்க முயன்றார். "வெரலு இருந்தாத்தான மேடம் ஸ்டியரிங்கு?"

மலைப் பாதையில் திரும்பும்போது இடது கையாலேயே கியர் போட்டு, அதே கையால் ஸ்டியரிங்கும் பிடித்து ஓட்டி வந்திருக்கிறார்.

பிப்ரவரி 4

சந்தைக்குப் போனேன். வெண்டைக்காய், இஞ்சி, ஒரு சீப்பு பழம். மதியம் சாப்பிடும்போது சோற்றில் கல். முன்பல் ஒன்று உடைந்துவிட்டது.

பிப்ரவரி 5

பல் டாக்டர் வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். இளம் பெண். உதட்டின் உள்பக்கத்தைத் திருப்பினார். தாடைக்குக் கீழே இருந்த நான்கு நீலத் தடங்களையும் பார்த்தார்.

"சோத்துல இவ்ளோ பெரிய கல்லாம்மா?"

ரேஷன் அரிசி என்றேன்.

"யாராவது அடிச்சிருந்தா சொல்லுங்கம்மா. நான் எழுதித் தர்றேன்."

வேண்டாம் என்று தலையசைத்தேன். மிச்சமிருந்த வேரைப் பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மலை ஏறும்வரை ரத்தத்தை விழுங்கிக்கொண்டே வந்தேன், துப்ப வெட்கமாக இருந்தது.

பேச முடியாது. எழுதலாம். "காற்று நமக்கு வானத்தை மறைப்பதில் தீங்கு மட்டும் இல்லை. வானத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் வருகின்றன. கடுமையான புற ஊதாக் கதிர்கள் வருகின்றன. காற்று அவற்றை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. நிறுத்தாவிட்டால் நாம் இல்லை. ஆனால் வெடிக்கிற நட்சத்திரமும் கருந்துளையில் விழுகிற வாயுவும் அந்தக் கதிர்களில்தான் தங்கள் கதையைச் சொல்கின்றன. காப்பாற்றுவதும் காற்று. சொல்லவிடாமல் தடுப்பதும் அதே காற்று. அதனால்தான் காற்றைத் தாண்டி மேலே ஒரு கண்ணை அனுப்புகிறோம்."

படித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கனம்.

பிப்ரவரி 8

துரைக்கண்ணு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பலாப்பழம். சபேசன் சார் அறையில் உட்கார்ந்து காபி குடித்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"வாங்க தங்கச்சி. பல்லு வலியாமே, சொன்னாங்க. பயலுவ சில நேரம் எல்ல மீறிடுறானுவ. நான் கண்டிச்சிட்டேன்." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "நான் நேராவே பேசறேன். உங்களுக்கு இன்னா வோணும்? இருட்டு. எனக்கு இன்னா வோணும்? கேஸு விபத்தோட நிக்கணும். என் டிரைவரு புள்ளகுட்டிக்காரன். நீங்க பனின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாளையிலேந்து ராத்திரி வேலையே கெடையாது. லைட்டே கெடையாது. யாரும் வந்து கேக்கவும் வேணாம். எழுதியே தர்றேன்."

சபேசன் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிங்க தங்கச்சி. செத்தவன் வரமாட்டான். நட்சத்திரமாவது வரட்டும்."

அவர் போன பிறகு சார் சொன்னார்: "பத்து வருஷம் மனுப் போட்டேன் அரசி. டெல்லி வரைக்கும் போனேன். அந்த ஒரு உத்தரவத் தவிர ஒண்ணும் நடக்கல. இப்ப ஒரு பொணம்..." மேலே சொல்லாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பலாப்பழம் மேசை மேல் இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சரிவில் உருட்டிவிட்டேன். பாறையில் மோதி வெடித்து, கீழே வெகுதூரம் மஞ்சள் மஞ்சளாகச் சிதறியது.

பிப்ரவரி 9

எதிர் மலையில் ஒரு விளக்கும் இல்லை.

பிப்ரவரி 13

நான்கு இரவாக வேலை செய்கிறேன். இந்த மலைக்கு வந்தபின் இப்படி விடியும்வரை நீடிக்கும் இருட்டை நான் பார்த்ததில்லை. கிழக்கு அடிவானம் வரை நட்சத்திரம் இறங்கி நிற்கிறது. நேற்று எடுத்த படங்களில் இதுவரை எங்களுக்கு அகப்படாத மங்கலான ஒரு விண்மீன் மண்டலத்தின் சுருள் கை தெரிகிறது. சபேசன் சார் குழந்தைபோல் கணினித் திரையைத் தொட்டுப் பார்த்தார். "பார்த்தியா, பார்த்தியா" என்றார். நானும் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

விடிந்ததும் குவார்ட்டர்ஸுக்கு வந்து பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. பாத்திரத்தை எடுத்துச் சுவரில் அடித்தேன். திரும்ப எடுத்து அடித்தேன். பாத்திரம் நெளிந்து, கைப்பிடி கழன்று, காரை பெயர்ந்து விழும்வரை அடித்தேன். முன்கை முழுக்கப் பால் சுட்டுக் கொப்பளித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சுவரில் மாவு பூசியதுபோல் வழிந்திருந்த பாலைத் துடைத்துவிட்டு, கடுங்காபி போட்டுக் குடித்தேன்.

பிப்ரவரி 17

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சென்னி வந்தாள். இடுப்பில் விறகு வெட்டும் கொடுவாள். முற்றத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆர்டீஓ கூப்ட்டாரு உன்ன?"

"ஆமா."

"பனி இருந்துச்சா அன்னிக்கு?"

துணியை உதறினேன்.

"கேக்குறன். பனி இருந்துச்சா?"

"சென்னி, எனக்கு..."

கொடுவாளை உருவி என் வாசல் நிலையில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். மரச்செதில் என் கன்னத்தில் பட்டது. "பனின்னா அவன் எங்க போவான்? பனி நாள்ல வூட்ல கெடப்பான். கேவுரு களி துன்னுட்டு எங்கூட சண்ட போட்னு கெடப்பான்!" இன்னொரு வெட்டு. "நான் சொன்னா எவன் கேக்குறான்? 'நீ இன்னா வானத்தப் பத்தி படிச்சவளா'ங்கறான். நீ படிச்சவ. நீ சொன்னா வானம். நீ சொன்னா பனி." மூன்றாவது வெட்டில் கொடுவாள் மரத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. நிலையில் காலை ஊன்றி இழுத்தாள்.

நான் போய்ப் பிடியைப் பிடித்து அவளோடு சேர்ந்து இழுத்தேன். வந்துவிட்டது. இரண்டு பேரும் பின்னால் போய் விழுந்தோம். கொடுவாள் அவள் கையில்தான் இருந்தது. என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில். அவள் என் வாயைப் பார்த்தாள், பல் போன இடத்தை.

"லோகுவா?"

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20

எழுதிவிடுகிறேன்.

சோற்றில் கல் இல்லை. சந்தையில் இஞ்சிக்காரி கடைக்குப் பின்னால் லோகு என் பின்னலை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்தான். இன்னொருவன் தாடையை அமுக்கித் திறந்தான். லோகு சட்டைப் பையிலிருந்து ஒரு முக்கால் இன்ச் ஜல்லியை எடுத்து என் வாயில் திணித்தான். "கடி" என்றான். "கடிச்சிட்டே சொல்லு. பனின்னு சொல்லு." முழங்கையால் தாடையைக் கீழிருந்து மேலே இடித்தான். பல் உடைந்த சத்தம் எனக்கு மண்டைக்குள் கேட்டது. கல்லோடும் ரத்தத்தோடும் சொன்னேன். "பனி." இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னேன். சந்தை நடந்துகொண்டிருந்தது. இஞ்சிக்காரி முறத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். பிறகு என் பையில் இஞ்சியைப் போட்டு, காசு வேண்டாம் என்றாள்.

இதைவிடக் கடினமானது இன்னொன்று.

ஜனவரி 21. சாயங்காலம் காற்று நின்றுவிட்டது. மழைக்குப் பின் கழுவி வைத்ததுபோல் வானம். அன்றைக்கு ஒரு இரட்டை நட்சத்திரத்தில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் நேரம். அந்த மறைப்பு எங்கள் ஊர் இரவில் மறுபடி விழ இரண்டு வருஷம் ஆகும். சடையன் வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு 'எத்தனை கிலோ' கேட்கவில்லை.

"மேடம், நான் போவல இன்னிக்கு. லோகு சொல்லிக்கீறான், இன்னோருவாட்டி வந்தா வண்டி ஏத்துவேன்னு. வெளையாட்டுக்கு சொல்லல அவன்."

"சும்மா மிரட்டறான் சடையா. உத்தரவு இருக்கு நம்மகிட்ட."

"உத்தரவு உன் பீரோல கீது. நான் ரோட்ல போறேன்."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து அவன் தோளில் நானே போட்டேன். "இன்னிக்கு மட்டும். ஒரு மணி நேரம் இருட்டு போதும் எனக்கு." அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "பொட்டுக்கடல வாங்கியாரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

டோமைச் சுற்றியிருக்கும் இரும்பு நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கண்ணாடியைத் திறக்கமாட்டோம். அது இங்கே பழக்கம். எதிர் மலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு குவாரிச் சாலையில் ஒரு லாரியின் முன் விளக்கு வந்தது. நின்றது. பின்னால் போயிற்று. மறுபடி முன்னால் வந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நின்று அதை நான் பார்த்தேன். காற்று அவ்வளவு தெளிவாக இருந்தது.

என்னவோ லோடு ஏற்றுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இருட்டு கிடைத்துவிட்டது. உள்ளே போய்க் கண்ணாடியைத் திறந்து படம் எடுக்கத் தொடங்கினேன். மறைப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பிரகாசத்தை அனுப்பினேன். பிரகாசம் போய்ப் பார்க்கும்போது அவனுக்கு உயிர் இருந்தது. அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. நான் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுக்க.

அன்றைய படங்கள்தான் இந்தப் பருவத்திலேயே மிகச் சிறந்தவை.

பிப்ரவரி 28

அறிவியல் தினம். மூன்று பள்ளிகளிலிருந்து பிள்ளைகள். கீழ்க்கொல்லைப் பள்ளியிலிருந்தும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு துரைக்கண்ணுவின் உபயம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சபேசன் சார். சமையலுக்கு ஆள் கூப்பிட்டதில் சென்னியும் வந்திருந்தாள். கூலிக்கு வந்தாளா, என்னைப் பார்க்க வந்தாளா தெரியாது. ஹாலின் கதவோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

பல் போன இடத்தில் காற்று போய் 'ச' எல்லாம் சீட்டியடித்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஆற்றடியும் கொக்கும் சொன்னேன். எக்ஸ் கதிர் சொன்னேன். காற்று தானே வெப்பமாக ஒளிர்வதால் அகச்சிவப்பில் பார்ப்பது, எரிகிற அடுப்புக்குள் இருந்துகொண்டு தீக்குச்சி தேடுவதுபோல் என்றேன். அது அவர்களுக்குப் பிடித்தது. மேலே அனுப்பிய தொலைநோக்கிக்கு மழை இல்லை, மேகம் இல்லை, தெருவிளக்கு இல்லை என்றேன்.

ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அதுக்கு வாட்ச்மேன் யாரு?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. துரைக்கண்ணுவும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"வாட்ச்மேன் வேண்டாம்" என்றேன். "அங்கே எப்பவும் இருட்டு. இருட்டைக் கேட்டு வாங்கிவர யாரையும் அனுப்ப வேண்டியதில்லை."

எழுதி வைத்திருந்த வாக்கியம் அல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. கீழ்க்கொல்லைப் பிள்ளைகள் இருந்த பக்கம் சத்தம் அடங்கியது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், இங்க மூடுபனியா இருந்தா நீ இன்னா பண்ணுவே?"

வருஷா வருஷம் யாராவது கேட்கும் கேள்வி. வருஷா வருஷம் சொல்லும் பதிலைச் சொன்னேன். "கண்ணாடியைத் திறக்க மாட்டோம். ஈரம் பட்டால் கெட்டுப்போகும். லைட் எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன, யாரும் எங்கயும் போகமாட்டோம். டீ குடிச்சிட்டுப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிடுவோம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். துரைக்கண்ணுவும் தட்டினார், அவருக்குப் புரியவில்லை. சபேசன் சாரின் கைகள் பாதியில் நின்றுவிட்டன. நான் கதவைப் பார்த்தேன். சென்னி குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அழவில்லை. என்னையே பார்த்தாள். நான் எப்போது பார்வையைத் திருப்புகிறேன் என்று காத்திருப்பவள்போல.

சாப்பாட்டுக்குப் பின் சார் என்னைத் தனியாக அழைத்தார். "பிள்ளைங்ககிட்ட சொன்னது பரவால்ல. நாளன்னிக்கு அங்க ஜாக்கிரதையா பேசு. ஜீப் அனுப்பறேன். லோகுவும் கூட வர்றானாம், பாதுகாப்புக்கு."

"பாதுகாப்புக்கா சார்?"



மார்ச் 1

பகலெல்லாம் வீட்டு வேலை. வாசல் நிலையில் மூன்று வெட்டும் அப்படியே இருக்கின்றன. தச்சனைக் கூப்பிடவில்லை. நாளைக்குக் கட்ட அந்தப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். எத்தனை முறை ஊறவைத்தும் மடிப் பகுதியில் மங்கலாக ஒரு வட்டம் இருக்கிறது. கொசுவம் வைத்தால் உள்ளே போய்விடும். போகாமல் முன்னால் வருகிற மாதிரி மடித்துப் பார்த்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது. நாக்கு போய்ப் போய் அந்தப் பள்ளத்தையே தொடுகிறது. அடுத்த முறை ஜல்லியோடு நிற்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

சபேசன் சார் சாயங்காலம் வந்து, ஜீப் எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்றேன். பிரகாசம் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் போனார். அவரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அவருடைய மிச்ச விரல்களுக்கு ஆபத்து. சென்னியிடமும் சொல்லவில்லை. அவளிடம் வாக்கு கொடுத்துவிட்டு நடுவழியில் எனக்குக் கால் தளர்ந்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

ஜீப்பில் போகப்போவதில்லை. விடிவதற்குள் கிளம்பி, குவாரிச் சாலை வழியாகவே நடந்து, கீழ்க்கொல்லையில் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அவன் போன வழி. விசாரணையில் கேட்டால், கேட்காவிட்டாலும், சொல்வேன். அன்றைக்கு மூடுபனி இல்லை. அடிவானம் வரை நட்சத்திரம் இருந்தது. அவன் போகமாட்டேன் என்றான். நான் அனுப்பினேன். லாரி பின்னால் போய்த் திரும்பவும் வந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போனேன். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். 'ச' எதுவும் இல்லாததால் சீட்டியடிக்கவில்லை.

வெளியே போய்ப் பார்த்தேன். எதிர் மலை இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. இதற்காகத்தான் இந்த மலைக்கு வந்தேன். நாளை ராத்திரி அங்கே எல்லா விளக்குகளும் திரும்ப எரியும்.

எரியட்டும்.